நேர்க்கூட்டுத் தோட்டாவும் அதன் அச்சும்

“அமெரிக்காவில் வாழும் மகன் நாற்பத்தைந்து-எழுபது என்னும் ரகத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடப் பழகுகிறான். சுட்ட கூடுகளை வீட்டிலேயே மீண்டும் நிரப்ப அச்சு வாங்கப் போகிறானாம். எதனை வாங்குவது? ஊருக்கு வரும்போது கொண்டு வரலாமா?” என அன்பர் ஒருவர் வினவுகிறார். டம்டமும் காசிப்பூரும் ஈசாப்பூரும் சூழ்ந்த கல்கத்தாவில் இத்தகைய கேள்வி எழுவதில் வியப்பில்லை.

தோட்டாக்கூடு இருவகை. புட்டியைப் போல் கழுத்துக் குறுகியது ஒன்று. அடிமுதல் வாய்வரை குழாய்போல் நிற்பது மற்றொன்று. 1873 இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட நாற்பத்தைந்து-எழுபது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சுட்டவுடன் பித்தளை வீங்கிவிடும். அதனைப் பழைய அளவுக்கு ஒடுக்கி, வெடித்த கேப்பை வெளியே தள்ளுவது முதல் அச்சு. குண்டைப் பதிப்பது இறுதி அச்சு. கழுத்துள்ள கூட்டிற்குப் பெரும்பாலும் இவ்விரண்டே போதும். நேர்க்கூட்டிற்கு இடையில் இன்னொன்று வேண்டும்: வாயைச் சிறிதளவு மணிபோல் விரிப்பது. விரிக்காமல் ஈயக்குண்டை அழுத்தினால் வாயோரம் ஈயத்தைச் சீவிவிடும். மிகுதியாக விரித்தாலோ நாளடைவில் பித்தளை பிளக்கும். பதித்தபின் விரிந்த வாயை மடித்து இறுக்குதல் இன்றியமையாதது. குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டாக்கள் நிற்கும் துப்பாக்கிகளில் மடிப்புத் தளர்ந்தால் குண்டு உள்ளே நழுவும். அழுத்தம் அபாயமாக ஏறும்.

கடைக்காரர் கார்பைடு வளையமிட்ட அச்சைப் புகழ்வார். மசகு வேண்டாம், துடைக்கவும் வேண்டாம் என்பார். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அது நன்று. ஆனால் நாற்பத்தைந்து-எழுபது ‘நேர்’ என்பது பெயரளவுக்கே! அதன் அடி 0.505 அங்குலம்; வாய் 0.480 அங்குலம். குறுகிய வளையம் வாயின் அளவிலேயே அடிப்பக்கத்தையும் நசுக்கும். சுடும்போது அது மீண்டும் வீங்கும். கூடு விரைவில் நைந்துவிடும். எனவே கூட்டின் சரிவுக்கேற்பக் கடைந்த எஃகு அச்சும் சிறிது மசகுமே என் தேர்வு. மூன்று அச்சுகள் கொண்ட தொகுதியாக வாங்குக.

இத்தொழில் நம் நாட்டில் ஒரு பேரரசையே அஞ்ச வைத்ததுண்டு. 1898 இல் லண்டன் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், மூன்றேகால் அங்குல நேர்க்கூடு; பெருவிலங்கு வேட்டையாடியோர் அதனை விரும்பினர். 1907 ஐ ஒட்டி ஆங்கில அரசு அவ்வளவுத் தோட்டாவை இந்தியாவிலும் சூடானிலும் தடுத்தது. கிளர்ச்சிக்காரர் கைக்குப் போன மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கியின் குழலும் பெயரளவில் அதே 0.45 அங்குலம். வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி அதற்கு நிரப்பிக்கொள்வர் என்ற அச்சமே காரணம் என்பர். பார்க்கப்போனால், அரசு அஞ்சியது வேட்டைக்காரரையன்று, நிரப்புவோரை! தடையின் விளைவாக .470, .465 முதலிய அளவுகள் பெருகின.

இனி இரண்டாம் வினா. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ‘தோட்டா’ என்னும் சொல் மிகப் பரந்த பொருளுடையது. தோட்டாவின் உறுப்புகளும், அதனைச் செய்யும் இயந்திரங்களும்கூட அதனுள் அடங்கும். உரிமமின்றிச் செய்வதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து கொணர்வதும் குற்றம். கையகல அச்சு இயந்திரம் ஆகுமா என்று வாதிடலாம்தான். அவ்வாதத்தைச் சுங்க அதிகாரியின் மேசைமுன் தொடங்க வேண்டா. பையின் மூலையில் மறந்துபோன ஒரே தோட்டாவுக்காகப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபடுவதை நாளிதழ்களில் காண்கிறோம். ஆகவே அச்சு அங்கேயே இருக்கட்டும். சுடும் கழகத்திற்கு எடுத்துச்செல்லும் பையில் துணிமணி அடுக்கிக்கொண்டு புறப்பட வேண்டா என்றும் தங்கள் மகனாருக்கு இன்றே எழுதிவிடுங்கள்.