‘சோலோ’வில் எத்தனை பேர்?

பன்னிரண்டு மணி நேர மலை சைக்கிள் போட்டி ஒன்றின் பதிவுப் படிவத்தில் ‘பிரிவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. நால்வர் அணி, இருவர் அணி, சோலோ. நான் சோலோவை டிக் செய்தேன். வீரம் காரணமல்ல. எங்கள் தெருவில் மலை சைக்கிள் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான், அதுவும் பழையதாக வாங்கியது. அதற்குக் கீழே ‘உதவியாளர் பெயர்’ என்று இன்னொரு கட்டம். அதில் ‘இல்லை’ என்று எழுதினேன். அது பொய் என்பது போட்டி முடிந்த பிறகுதான் உறைத்தது.

இந்த வகைப் போட்டியைத் தெரியாதவர்களுக்காக: கல், வேர், சேறு, ஏற்றம் எல்லாம் உள்ள காட்டுப்பாதையில் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் அதிகச் சுற்று முடிப்பவருக்கு வெற்றி. சோலோவில் எல்லாச் சுற்றையும் நீங்களேதான் மிதிக்க வேண்டும். ஆனால் சுற்று முடியும் இடத்தில் உங்கள் ஆட்கள் நிற்கலாம். தண்ணீர் பாட்டிலை மாற்றலாம், செயினுக்கு எண்ணெய் விடலாம், வாழைப்பழத்தை உரித்துக் கையில் தரலாம். சோலோ என்றாலும் யாரும் தனியாக ஓட்டுவதில்லை.

எனக்குப் பயிற்சிக் களம் குற்றாலம், செங்கோட்டைச் சாலைகள். உடம்பு சூடேற ஐந்தருவி வரை போய்த் திரும்பி, பிறகு செங்கோட்டை, புளியரை வளைவு, ஆரியங்காவு ஏற்றம். ஆனி, ஆடியில் சாரலோடு கணவாய்க் காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அதெல்லாம் பழகிவிடும். பழகாதது வீட்டிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டர்தான். மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். என் வயதில் அப்பா அந்தத் தெருமுனையில் சைக்கிளைவிட்டு இறங்கி, மறுமுனை வரை உருட்டிக்கொண்டு போவார். இன்று யாரும் இறங்கச் சொல்வதில்லை. ஆனாலும் அப்பா இறங்குகிறார். ‘பழக்கம்’ என்கிறார்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுத்தால் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைக்கிளைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்த நாடு இது. எழுதிய பிறகும், 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் கையில் சாதிக்கயிறு கூடாது என்றது. சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. அரசு எல்லோருக்கும் ஒரே சைக்கிளைத்தான் கொடுக்கிறது. தெரு அதற்குச் சாதி வண்ணம் பூசி அனுப்புகிறது.

அதனால்தான் எனக்கு சோலோ பிடித்திருந்தது. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. குற்றாலம் ரோட்டு டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் ஆரம்பிக்கும்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“தென்காசி பக்கம்ணே.”

“பக்கம்னா… ஊர்ல எந்தத் தெரு?”

போட்டியில் இந்தக் கேள்வி கிடையாது. முதுகில் ஓர் எண் மட்டும்தான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், வரைவு அரசமைப்பு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டதை வரவேற்றார். தெருவாக மட்டுமே பார்க்கப்படுகிறவனுக்குத் தனியாளாக நிற்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த எண்ணைக் கட்டியபோது உணர்ந்தேன்.

ஆனால் பரிசளிப்பில் வேறொன்று கேட்டது. வென்றவர் மைக்கில் சொன்னார்: “இந்த ஸ்போர்ட்ல எனக்குப் பிடிச்சதே, இங்க கோட்டா கிடையாது. யாரோட உதவியும் இல்லாம, என் கால் மட்டும்தான்.” கைதட்டல். அவருக்குப் பின்னால் இரண்டு மெக்கானிக்குகள் அவருடைய இரண்டாவது சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் நன்றாகத்தான் ஓட்டினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்குச் சந்தேகம் ‘மட்டும்தான்’ என்ற சொல்லில். இடஒதுக்கீடு என்பது சுற்று முடியும் இடத்தில் நீட்டப்படும் தண்ணீர் பாட்டில். அது யாருக்காகவும் மிதிப்பதில்லை. தாத்தா காலத்திலிருந்தே ஆள் நிறுத்திவைத்திருக்கும் குடும்பம் அதை ‘உதவி’ என்று எண்ணுவதில்லை, ‘தகுதி’ என்கிறது. நமக்கு நீட்டப்படும்போதுதான் அதற்குக் ‘கோட்டா’ என்று பெயர் வருகிறது.

சிலருக்கு எதிராகவே ஆள் நிறுத்தப்படுவதும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின வீரர் மேஜர் டெய்லர் 1896 டிசம்பரில் நியூயார்க்கில் ஆறு நாள் போட்டியில் தனியாக 1,732 மைல் ஓட்டினார். 1899இல் உலக சாம்பியன் ஆனார். பல போட்டிகளில் வெள்ளை வீரர்கள் கூட்டுச் சேர்ந்து அவரை மறித்து ஓட்டினார்கள். அந்நாட்டுச் சைக்கிள் சங்கம் 1894இல் கறுப்பினத்தவருக்கு உறுப்பினர் தடை விதித்தது. அந்தத் தடையை முறைப்படி நீக்கியது 1999இல்தான்.

என் பொய்க்கு வருகிறேன். ‘இல்லை’ என்று நான் எழுதிய கட்டத்தில் அக்கா நின்றாள். அந்த வாரப் பீடிக் கூலியை விட்டுவிட்டு என்னோடு ரயிலேறி வந்தவள். ஒவ்வொரு சுற்றுக்கும் உப்புப் போட்ட நீராகாரமும் கருப்பட்டித் துண்டும் தந்தாள். ஏழாவது சுற்றில் செயின் அறுந்தபோது செல்போன் டார்ச் பிடித்தாள். எனக்குச் சைக்கிள் பழக்கியவளும் அவள்தான், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில். 2001–02இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத்தான் சைக்கிள் கொடுத்தார்கள், பிறகுதான் எல்லோருக்கும். எங்கள் வீட்டில் ஊர்த்தெருவை இறங்காமல் முதலில் கடந்ததும் அக்காதான். சீருடையில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகளாகச் சேர்ந்து போனார்கள். நான் தனியாகப் போகும் பாதை அவர்கள் கூட்டமாகப் போய்த் திறந்தது. அதை மறந்து ‘இல்லை’ என்று எழுதிய எனக்கும் மைக்கில் பேசியவருக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை.

சைக்கிள் குழுக்களில் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சவாரி எங்கிருந்து புறப்படுகிறது? ஒரு வாரம் எங்கள் தெருவிலிருந்து புறப்படட்டும். ஊர்த்தெரு வழியாகவே போவோம். அப்பாவையும் கூப்பிடுகிறேன், இறங்காமல் ஓட்டச் சொல்லி.

அடுத்த போட்டிக்குப் பதிவு தொடங்கிவிட்டது. மறுபடியும் சோலோதான். உதவியாளர் கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன்.