சிறகின் பின்புறம்

போர் விமானியின் சீருடையில், இடப்பக்க மார்பில், விரித்த சிறகு ஒன்று விளங்கும். பயிற்சியை முற்ற முடித்துத் தேறியவரே அதனை அணியும் உரிமை பெறுவர். பிரிட்டனில் ராயல் ஃபிளையிங் கோர் என்னும் வான்படை 1912ஆம் ஆண்டு தோன்றியது. அதன் விமானிகளுக்குரிய சிறகுச் சின்னம் மறு ஆண்டே ஏற்கப்பட்டது. அந்த 1913ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியும் அமெரிக்காவும் தத்தம் விமானிகளுக்குச் சின்னம் வகுத்துக்கொண்டன. கல்கத்தாவில் பிறந்து, 1918 ஜூலையில் பிரான்சு நாட்டுப் போர்வானில் உயிர்நீத்த இந்திரலால் ராய், பிரிட்டனின் அந்தப் படையில் சேர்ந்து விமானியானவர். அவர் மறைந்தபோது அவருக்கு அகவை 19.

இத்தகைய பழஞ்சின்னங்களைத் தேடித் தொகுப்போர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். அவர்களுள் இருவகையினர் உண்டு. ஒருவகையினர் சின்னத்தின் முகத்தைக் கண்டு மகிழ்ந்து, கண்ணாடிப் பேழையில் வைத்துவிடுவர். மற்றவர் அதனைக் கையில் எடுத்தவுடன் திருப்பிப் பார்ப்பர். இவ்விரண்டாம் வகையினரே மெய்யான தொகுப்பாளர் என்பது என் கருத்து. முகம் பறந்தவரைப் பற்றிப் பேசுகிறது. முதுகோ செய்தவரைப் பற்றிப் பேசுகிறது. செய்தவரை அறியாமல் அச்சின்னம் உண்மையானதா, எக்காலத்தது என்பவற்றை உறுதியாகக் கூறுதல் அரிது.

முதுகில் என்ன இருக்கும்? அமெரிக்கச் சிறகாயின் ‘ஸ்டெர்லிங்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கலாம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பது அதன் பொருள். அதனருகே செய்தவரின் பெயரோ குறியோ காணப்படலாம். நியூயார்க்கின் என். எஸ். மேயர் நிறுவனம் கேடய வடிவில் தன் குறியை இட்டது. பிரிட்டன் விமானிகளின் சிறகு பெரும்பாலும் துணியில் தைக்கப்பட்டது. ஆயினும் அவர்தம் தாயரும் மனைவியரும் அணிவதற்கென்று அதே வடிவில் பொன்னிலும் வெள்ளியிலும் சிறு உடையூசிகள் செய்யப்பட்டன. அவ்வூசியின் பின்னே நங்கூரக் குறி இருப்பின் அது பர்மிங்ஹாம் நகரில் மாற்றுப் பார்க்கப்பட்டது. நடக்கும் சிங்கம் இருப்பின் அது ஸ்டெர்லிங் வெள்ளி. உடனிருக்கும் ஓர் எழுத்து ஆண்டினைக் காட்டும். அரிசியளவே உள்ள மூன்று குறிகள் ஊரையும் மாற்றையும் ஆண்டையும் சொல்லிவிடுகின்றன! நம் நாட்டில் நகை வாங்குவோர் ஹால்மார்க் முத்திரையைத் தேடுவதும் இவ்வகையான சான்றுக்காகவே.

குறிகள் பொய்யையும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கப் படைச்சின்னம் செய்வோர்க்கு உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் குறியெண்கள் வழங்கப்பட்டன. மேயர் நிறுவனத்தின் குறி 22எம். அக்குறி பொறித்த சிறகொன்றை ஒரு வணிகர் ‘1943ஆம் ஆண்டுச் சின்னம்’ என்று விற்க முற்பட்டால், அவர் கூற்றைச் சிறகே மறுத்துவிடுகிறது. குறியே இல்லாதபோது செய்முறையைக் காண வேண்டும். எஃகு அச்சின்மேல் தகட்டை வைத்து அறைந்து செய்த சிறகில் ஒவ்வோர் இறகின் விளிம்பும் கூர்மையாக இருக்கும். அதனையே மாதிரியாகக் கொண்டு உருக்கி வார்த்த போலியில் விளிம்புகள் மழுங்கும், நுண்குழிகள் தோன்றும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி, மூலத்தைவிட மயிரிழையளவு சிறியதாகவும் அமையும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் இச்சின்னங்களைத் தேய்ப்பாரைக் கண்டால் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. பளபளப்பு மிகும், சான்று தேய்ந்துபோகும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர் விமானி. அவரை விட்டுவிட்டுத் தகடு அறைந்தவரைத் தேடுவது முறையா என்று சிலர் வினவுவர். வினா நேர்மையானதே. ஆயின் செய்தவரைத் தேடும் தேடல் பறந்தவரிடமிருந்து நம்மை விலக்குவதில்லை. இறந்துபட்ட ஓர் இளைஞரின் பெயரைச் சொல்லிப் போலிச் சின்னத்தை விற்பதைத் தடுப்பது அத்தேடலே. பழைய விலைப்பட்டியல்கள், வணிகர் கையேடுகள், செய்தித்தாள் விளம்பரங்கள் ஆகியவற்றைப் பொறுமையுடன் ஒப்பிடுவோர் பறந்தவர்க்கும் தொண்டு செய்கின்றனர்.

எனக்கு மனக்குறை உண்டாவது வேறோரிடத்தில். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், அமெரிக்க விமானிகள் அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைக் கடந்து சீனாவுக்குப் போர்ப்பொருள் சுமந்து சென்றனர். மலையும் பனியும் புயலும் பல விமானங்களை விழுங்கின. இங்குத் தங்கிய அவ்விமானிகள் நம் நாட்டுக் கைவினைஞரிடம் சிறகுச் சின்னங்களைச் செய்வித்து வாங்கினர். சில சிறகுகள் வெள்ளித் தகட்டில் உளியால் செதுக்கப்பட்டன. சில, துணியின்மேல் வெள்ளிச் சரிகை கொண்டு தைக்கப்பட்டன. கையால் செதுக்கிய இறகுகளில் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஊசியும் கொக்கியும்கூடக் கைவேலையே. இவற்றை அயல்நாட்டுத் தொகுப்பாளர் இன்று விரும்பித் தேடுகின்றனர்.

அவற்றைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பெயரில்லை. நியூயார்க் நிறுவனத்தின் கேடயக் குறி அச்சில் நிலைத்துவிட்டது. சரிகை தைத்த விரல்களுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. தொகுப்பாளர் ‘இந்தியாவில் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி நிறுத்திக்கொள்கின்றனர். நங்கூரக் குறியின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலையும் ஆராய்ச்சி, நம் கைவினைஞர் வாயிலில் மட்டும் ஏன் ஒரு வரியோடு திரும்ப வேண்டும்? குறி இல்லாத இடத்திலும் தடயம் இல்லாமற் போகாது. பற்றவைத்த முறை, உளியின் போக்கு, சரிகையின் முறுக்கு, அடியில் வைத்துத் தைத்த துணி ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒரே கையில் பிறந்தவற்றை ஒன்றுசேர்க்கலாம். விமானிகள் வீட்டுக்கு எழுதிய மடல்களிலும் நாட்குறிப்புகளிலும் கடைத்தெருவின் பெயர் கிடைக்கக்கூடும்.

அத்துடன், கொல்கத்தாவிலும் தில்லியிலும் சரிகை வேலையையும் வெள்ளி வேலையையும் இன்றும் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உள்ளன. போர்க்காலத்தில் தாத்தா யாருக்கு என்ன செய்து கொடுத்தார் என்று அங்குள்ள முதியோரிடம் கேட்டறிய இன்னும் சிறிது காலமே எஞ்சியுள்ளது. அப்பணிக்கு அயல்நாட்டுத் தொகுப்பாளரைவிட, அந்நகரங்களில் வாழ்ந்து அங்குள்ளோர் மொழியை அன்றாடம் பேசும் இளைஞரே ஏற்றவர்.