இரவுண்டு

பௌர்ணமிக்கு நான் திருவண்ணாமலையில் மலை சுற்றப் போவதில்லை. அன்றைக்கு நாமாக நடக்க வேண்டியதே இல்லை, பின்னால் வருகிற கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வழியிலுள்ள எட்டு லிங்கங்களில் ஒன்றான அக்னி லிங்கம் தாண்டி ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்காலில் ஒட்டியிருந்த பொடிக்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ரெண்டாவது ரவுண்டுலயும் கெடைக்கலடா, மூணாவது ரவுண்டுல பாத்துக்கலாம்." கவுன்சலிங் போலிருக்கிறது. கடைக்காரர் எதிரே நின்றவரிடம், "நாப்பத்தெட்டு ஆச்சுண்ணே, ரவுண்டா அம்பதாக் குடுங்க" என்றார். அதற்குள் ஒரு போலீஸ்காரர் பைக்கை ஓரங்கட்டினார். "நைட் ரவுண்ட்ஸ்யா, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு."

ஒரு டீ ஆறுவதற்குள் மூன்று ரவுண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டு இல்லை, உறவு இல்லை. ஆனாலும் கேட்ட யாருக்கும் குழப்பமில்லை.

ஆங்கிலத்தில் சின்ன வார்த்தைகளுக்குத்தான் வாய் பெரிசு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் 430 பொருள் கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்கள், ஒரு நாவல் அளவு. அந்தப் பதிப்பு வந்தது 1989இல். வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து எங்கள் திருவண்ணாமலை தனி மாவட்டமானதும் அதே வருடம்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா ஒரு ஊர்ப்பெருமை.

'ரவுண்டு' அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனால் நம்மிடம் வந்து அது கொழுத்ததுபோல 'செட்'டு கொழுக்கவில்லை. அவர்கள் ஊரில் ரவுண்டு பெயராகவும் வினையாகவும் தானே வேஷம் மாறிக்கொள்ளும். இங்கே வந்ததும் அந்த வேலையைத் தமிழ் வினைகள் எடுத்துக்கொண்டன. 'அடி' சேர்ந்தால் வெட்டியாக ஊர் சுற்றுவது. 'கட்டு' சேர்ந்தால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு மொத்துவது. 'வா' சேர்ந்தால் யோகம்தான்: "இந்தப் பையன் சினிமாவுல ஒரு ரவுண்டு வருவான் பாருங்க." இதை அப்படியே லண்டனில் போய்ச் சொன்னால், பையன் எதைச் சுற்றி வருவான் என்று கேட்பார்கள். நமக்கோ அது பழைய 'வலம் வருவது'தான். உற்சவர் வீதி வலம் வருகிற மிடுக்கெல்லாம் அந்த ரவுண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சட்டை இங்கிலீஷ், உடம்பு தமிழ்.

வலம் மட்டும் லேசுப்பட்டதா? வலப்பக்கம், வலிமை, வெற்றி, சுற்றி வருவது என்று எல்லாம் மூன்று எழுத்தில். மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடப்பதால் கிரிவலம். ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் அந்தச் சொல்கூட அவ்வளவாக வராது. 'மலை சுத்தறது'தான். 'கிரிவலம்' பஸ் போர்டுக்கும் நோட்டீசுக்கும்.

போலீஸ்காரர் சொன்ன 'ரவுண்ட்ஸ்' தனிச் சாதி. அந்தக் கடைசி 'ஸ்' பதவி உள்ளவர்களுக்கு மட்டும். கலெக்டர் ரவுண்ட்ஸ் போவார், இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் போவார், வேலையில்லாதவன் போனால் ரவுண்டு. என் மாமாவை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது இந்த 'ஸ்'ஸின் கனத்தைப் பார்த்தேன். உடம்பு தேறிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது, பையும் கட்டியாகிவிட்டது. "பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரணும்" என்றார்கள். காலை ஏழு மணியிலிருந்து மாமா வேட்டி சட்டையோடு கட்டிலில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்தபோது மணி மூன்றரை. பார்த்தது அரை நிமிஷம்.

தேர்தல் முடிவன்று டிவிக்காரர்கள் 'பத்தாவது ரவுண்டு முடிவில்' என்பார்கள், மறுநாள் பேப்பரில் அது 'சுற்று' ஆகிவிடும். வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேசை. அத்தனை மேசையிலும் ஒரு முறை எண்ணி முடித்தால் ஒரு சுற்று. மலை சுற்றும் பாதையும் 14 கிலோமீட்டர்தான், ஆனால் இதில் யாரும் டெபாசிட் இழப்பதில்லை. துப்பாக்கிக் குண்டுக்கும் ரவுண்டு என்றே பெயர் வைத்தார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. நேராகப் போகிற சாமான் அது.

ஆளைப் பார்த்து 'கொஞ்சம் ரவுண்டா இருப்பாரு' என்று சொல்வதும் உண்டு. அதன் முழுப் பொருளும் புரிய இடுக்குப் பிள்ளையாரிடம் வர வேண்டும். குபேர லிங்கம் தாண்டினால் அந்தச் சின்னக் கோயில். அதன் குறுகலான இடுக்கில் ஒருக்களித்துப் படுத்து, தோளை நுழைத்து, இடுப்பை இழுத்து, ஊர்ந்து வெளியே வரவேண்டும். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒருவர் நுழைந்தார். தலை வந்தது, கை வந்தது, மீதி வரவில்லை. "மூச்ச விடுங்க சார், மூச்ச விட்டா வயிறு உள்ள போயிரும்" என்று ஒரு பெண்மணி யோசனை சொன்னார். வந்துவிட்டார். சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம். அந்தப் பிள்ளையாரே ரவுண்டுதான் என்பதை யாரும் அவருக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை.

எங்கள் தமிழ் வாத்தியார் இருந்திருந்தால் 'ரவுண்டு' என்று எழுதிய முதல் எழுத்திலேயே என்னைப் பிடித்திருப்பார். ரகரம் மொழிக்கு முதலில் வராது. இராமன், இரயில் என்று எழுதாவிட்டால் காது அவர் கையில் இருக்கும். அந்தக் கணக்கில் இதையும் 'இரவுண்டு' என்றுதான் எழுதவேண்டும். பிரித்துப் பார்த்தால் இரவு உண்டு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மலை சுற்றக் கிளம்பியவனுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்துப்பிழை கிடைக்காது.

ஈசான்ய லிங்கத்தை நெருங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி, செருப்பில்லாத காலுக்குத் துணையாகக் கையில் ஒரு கம்பு. ஓர் ஆட்டோ மெதுவாக அவர் பக்கம் வந்து நின்றது.

"ஆயா, எதுக்கு நடக்கிற? ஏறு, எட்டு லிங்கமும் ஒரே ரவுண்டுல காட்டிட்டுக் கொண்டாந்து வுட்டுர்றேன்."

பாட்டி நிற்கவில்லை. "ரவுண்டு நீ அடிச்சிக்க சாமி. நான் மலை சுத்துறேன்."

ஆட்டோ என் பக்கம் திரும்பியது. கால் வலிக்கத்தான் செய்தது. ஆனால் பாட்டி காதில் விழுகிற தூரத்தில் இருந்தார்.