எந்த அரசாணைப்படி கேட்கிறீர்கள்?

வேலைக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில் கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலையாதவர்கள் நம் வாசகர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், டிகிரி என்று எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஒரிஜினல்களை பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு, பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற ஒருவர் எங்கே அகப்படுவார் என்று விசாரித்துப் போகவேண்டும். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், அரசு மருத்துவர், பி.டி.ஓ. என்று யார் கிடைத்தாலும் சரி. கிராமங்களில் பெரும்பாலும் கைகொடுத்தவர் கால்நடை மருத்துவர்தான். மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பி.ஏ. வரலாறு மதிப்பெண் பட்டியலின் மூலையில் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார். சில அதிகாரிகள் ஒரிஜினலைக் கேட்டு வாங்கி வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பலர், “யாரு அனுப்பினா?” என்று கேட்பதோடு சரி.

மாமாவோ சித்தப்பாவோ தாலுகா ஆபீசில் இருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சொந்தத்தில் ஒருவர்கூட சர்க்கார் உத்தியோகம் பார்க்காத வீட்டிலிருந்து முதன்முதலாகப் படித்து வந்த பிள்ளை, ஆபீஸ் ஆபீஸாக வாசலில் நிற்கவேண்டும். சான்றிதழ் உண்மையா என்று பார்ப்பதற்காக வந்த விதி, உனக்கு யாரைத் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த விதியைப் போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஜெராக்ஸ் மெஷின் வருவதற்கு முன்னால் நகல் என்றால் கையால் எழுதியது, இல்லையென்றால் டைப்ரைட்டரில் அடித்தது. 52-ஐ 82 என்று அடித்துவிட எவ்வளவு நேரமாகும்? ஆகவே பொறுப்பான ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து, ஒன்றுபோல இருக்கிறது என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. அன்று அந்தக் கையெழுத்துக்கு ஒரு வேலை இருந்தது. மெஷின் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. போலிச் சான்றிதழ் கொண்டுவருகிறவர் போலியான ரப்பர் ஸ்டாம்பும் செய்துகொள்ள முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படியும் பணியில் சேரும்போது ஒரிஜினலைப் பார்க்கத்தான் போகிறார்கள். இருந்தும் பச்சை மை பல்லாண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2009-இல் அளித்த அறிக்கையில், குடிமக்கள் தாங்களே சான்றளித்துக் கொடுத்தால் போதும் என்கிற முறையைப் பரிந்துரைத்தது. 2014-இல் மத்திய அரசு அதைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. நகலின் அடியில் நாமே கையெழுத்துப் போடலாம். பொய் என்று தெரிந்தால் சட்டம் நம்மேல் பாயும். விஷயம் அவ்வளவுதான். அந்த மாற்றத்துக்கு யாரும் விழா எடுக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களில் அரசு செய்த சீர்திருத்தங்களில் சாதாரண வீட்டுக்குள் வந்து சேர்ந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

ஏனென்றால் அதே 2014-இல் வேறொரு வேலையும் தொடங்கியது. காலாவதியான சட்டங்களைக் கண்டுபிடித்து நீக்குவது. பிரதமர் அலுவலகச் செயலாளர் இராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, நீக்கத்தக்கவை என்று 1,741 மத்தியச் சட்டங்களை அடையாளம் காட்டியது. அதன் பிறகு தவணை தவணையாக 1,500-க்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் எண்ணிக்கை. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 2016-இல் ஒரே வீச்சில் நீக்கப்பட்ட 758 சட்டங்கள் எவை என்று பாருங்கள். அத்தனையும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்கள். இந்த ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு பணம் என்று நாடாளுமன்றம் அனுமதி கொடுக்கும் சட்டங்கள். ஆண்டு முடிந்ததும் அவற்றின் ஆயுளும் முடிந்தது. புத்தகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது.

இன்னொரு வகைச் சட்டம் நம்மைச் சிரிக்க வைக்கும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் எழுதப்பட்டபோது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. இன்று சென்னையில் பல கடைகளில் பத்து ரூபாய்க்கு ஒரு டீ வராது. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் வானூர்திக்குக் கொடுத்த விளக்கத்தில் பலூன், கிளைடரோடு பட்டத்தையும் சேர்த்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ ஆலைக்குள் எச்சில் துப்பத் தொட்டி வைக்கச் சொல்லி, கண்ட இடத்தில் துப்பினால் ஐந்து ரூபாய்வரை அபராதம் என்றது. பத்திரிகைகளுக்கு இவை நல்ல தீனி. நாங்களும் துணுக்காகப் போட்டிருக்கிறோம். ஆனால் இவற்றால் யாருடைய ஒருநாள் கூலியும் போவதில்லை. கூலி போவது கவுண்டரில். அங்கே நடப்பது சட்டத்தின் ஆட்சி என்பதைவிடப் படிவத்தின் ஆட்சி என்பதே சரி.

ஒரு படிவம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு பாஸ்போர்ட்டைச் சொல்லலாம். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. பதினைந்து இணைப்புப் படிவங்கள் ஒன்பதாயின. நோட்டரியிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் போகத் தேவையில்லை, வெள்ளைத்தாளில் நாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும் என்றார்கள். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கட்டம். தந்தை, தாய் இருவர் பெயரும் இருக்கவேண்டும் என்றில்லை. தந்தை, தாய், சட்டப்படியான காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று மாற்றினார்கள். மணவிலக்குப் பெற்றவர் முன்னாள் கணவர் அல்லது மனைவியின் பெயரை எழுதவேண்டிய கட்டாயமும் போயிற்று. விட்டுவிட்டுப் போன கணவனைப் பற்றிப் பிள்ளைக்கு முன்னால், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காதில் விழ, ஒரு பெண் விளக்கம் சொல்லவேண்டியிருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் எந்தச் சட்டமும் நீக்கப்படாமலே அந்த நிலை மாறியது.

இப்படி எளிதாக மாற்றக்கூடியது என்றால் ஏன் எல்லா இடத்திலும் மாறவில்லை? “வழக்கமா கேக்குறதுதான் சார், வச்சிடுங்க” என்கிற பதில் ஏன் இன்னும் கேட்கிறது? கவுண்டருக்கு உள்ளே இருப்பவரின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். கோப்பில் ஒரு காகிதம் குறைந்தால் தணிக்கையில் அவர் பெயரில் ஆட்சேபணை எழுதுவார்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை, ஓய்வு பெறும் நாளில்கூட, அது அவரை விடாது. தேவையில்லாத காகிதம் நான்கு கூடுதலாக வாங்கி வைத்தாலோ யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பிறகு அவர் ஏன் குறைத்து வாங்குவார்? பழைய அரசாணை நீக்கப்பட்டதைச் சொல்லும் கடிதம் வந்திருக்கலாம்; அச்சடித்த படிவம் இன்னும் ஆயிரக்கணக்கில் அலமாரியில் இருக்கிறது. படிவம் தீரும்வரை விதியும் தீராது. தணிக்கைக்காரர்கள் ‘இது ஏன் இல்லை’ என்று கேட்பதுபோல ‘இது ஏன் இருக்கிறது’ என்றும் கேட்க ஆரம்பித்தால், ஆணையமும் குழுவும் போடாமலே பாதி வேலை முடியும் என்பேன்.

நம் பக்கம் ஒரு வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தான் பின்பற்றும் விதிகளையும் அறிவுரைகளையும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ‘எந்த அரசாணைப்படி இதைக் கேட்கிறீர்கள்’ என்று மரியாதையாக, எழுத்தில் கேட்க பத்து ரூபாய் கட்டணம் போதும். கேள்வி போன பிறகு காகிதத்தின் தேவை திடீரென்று மறைந்துபோன கதைகளை வாசகர் கடிதங்களில் படித்திருக்கிறேன்.

இதுவரை படித்துவிட்டு, பழைய விதிகளையெல்லாம் கொளுத்தச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ‘காலத்துக்கேற்ற மாற்றம்’ என்ற பெயரில் வருவது எல்லாம் நம் வசதிக்காக வருவதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா ஒன்று நிறைவேறியது. வேலை நேரம் பற்றிய பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க வழிசெய்யும் மசோதா. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அது கதவைத் திறக்கும் என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-இல். சரியாக நூறாவது ஆண்டில் வந்த அறிவிப்பு அது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற வரம்பும், மேலே நாம் சிரித்த அந்த எச்சில் தொட்டியும் 1948-ஆம் ஆண்டின் ஒரே சட்டத்தில்தான் இருந்தன. சட்டத்தின் வயதைப் பார்த்துக் கழித்துக்கட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் வாரிப் போடுவார்கள்.

பழைய சட்டத்துக்குப் புதிதாக ஒரு பிரிவைச் சேர்ப்பதும் சீர்திருத்தம்தான். 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் அப்படி ஒன்று சேர்ந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்பது. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்றே புடவை விரித்துப் போடுகிற பெண்ணுக்கு ஒரு ஸ்டூல். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நம் தி.நகர் கடைகளில் அந்த ஸ்டூல் எத்தனை இடத்தில் இருக்கிறது, இருக்கும் இடங்களில் உட்கார விடுகிறார்களா என்பதை, அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது நீங்களே பாருங்கள்.

வீடு கட்டுவோருக்கான சுயசான்று முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடிவரை குடியிருப்புக் கட்டடத்துக்கு, உரிமையாளரே சான்றளித்து ஆன்லைனில் உடனடி அனுமதி பெறலாம். நடையாய் நடந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல், வரவேற்கிறேன். ஆனால் கட்டி முடித்த பிறகு யாராவது வந்து அளந்து பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் விடவேண்டிய இடத்தை விடாமல் ஒருவர் கட்டுவார், பக்கத்து வீட்டுச் சமையலறைக்குப் பகலிலேயே லைட் போடவேண்டி வரும். முன்னால் கேட்கும் காகிதத்தைக் குறைத்தால் பின்னால் பார்க்கும் ஆட்களைக் கூட்டவேண்டும். இரண்டாவது பாதிக்குச் செலவாகும் என்பதால் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

இந்த இதழிலிருந்து இதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். உங்களை அலைய வைத்த ஒரு படிவத்தை, ஒரே ஒரு படிவத்தை, எழுதி அனுப்புங்கள். படிவத்தின் பெயர், அதில் எந்தக் கட்டம் அல்லது எந்த இணைப்பு, ஏன் என்று கேட்டபோது கிடைத்த பதில் ஆகிய மூன்றும் போதும். அலுவலரின் பெயர் வேண்டாம். அவரை மாட்டிவிடுவது நம் நோக்கமில்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: மற்றவர்கள் குறிப்பிடும் விதி முதலில் எதற்காக வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும். அதை எழுதுங்கள். இன்னும் தேவைப்படுகிற விதி என்றால் தயங்காமல் அதற்காக வாதாடுங்கள், அதையும் அதே பக்கத்தில் அருகிலேயே போடுகிறோம். கடிதங்கள் இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் அடுத்த இதழில் சேர்க்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்