பொழுதுபோக்கா, பிழைப்பா?

மதுரையில் சுங்குடிப் புடவை வியாபாரம் செய்யும் ஒரு கனவானோடு சில தினங்களுக்கு முன் பேசிக்கொண்டிருக்க நேர்ந்தது. "முடிச்சுப் போடும் பெண்களுக்குக் கூலி ஏன் இவ்வளவு குறைத்துக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மிகவும் சாந்தமாக, "அண்ணே, அது அவுகளுக்குப் பிழைப்பா என்ன? சோறாக்கி வச்சுட்டுச் சும்மா இருக்கிற நேரத்துல நாலு முடிச்சுப் போடுறாக. ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவரவில்லை. ஊரெல்லாம் நம்புவதைத்தான் அவரும் சொன்னார். நம் வீடுகளிலும் இதே பேச்சுத்தான் நடக்கிறது. ஆனால் இந்தப் "பொழுதுபோக்கு" என்கிற ஒரு சொல்லில் எத்தனை பேருடைய வயிற்றுச் சோறு அகப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை யோசித்துப் பார்க்கவேண்டாமா?

சுங்குடி மதுரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சரக்கு. நாயக்கர் காலத்தில் இங்கு குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்களால் வளர்ந்த கைத்தொழில். 2005-ம் வருஷத்தில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதாவது, வேறு ஊர்க்காரன் தன் சரக்குக்கு மதுரைச் சுங்குடி என்று பெயர் வைத்து விற்கக்கூடாது என்று ஊரின் பெயருக்குச் சர்க்கார் காவல் போட்டிருக்கிறது. சந்தோஷம். பெயருக்குக் காவல் உண்டு. முடிச்சுப் போட்ட விரலுக்கு என்ன காவல்?

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லுகிறேன். வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக அடையாளம் வைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் துணியை விரல் நுனியால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, முடிச்சுப் போடவேண்டும். பிறகு துணி சாயத்துக்குப் போகும். சாயம் ஏறிக் காய்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால், நூல் கட்டியிருந்த இடமெல்லாம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இப்போது மெழுகு அச்சும் திரை அச்சும் வந்து, முடிச்சே போடாத சேலைகளும் சுங்குடி என்ற பெயரில் விலையாகின்றன என்பது வேறு சங்கதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புடவைக்கு 8,000 முடிச்சு என்றும், கை தேர்ந்த பெண் நிமிஷத்துக்கு 4 முடிச்சுப் போடுகிறாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 2,000 நிமிஷம் ஆகும். அதாவது, 33 மணி நேரத்துக்கும் மேல். சமையல், தண்ணீர், துணி, பிள்ளை எல்லாம் போகத் தினம் 4 மணி நேரம் உட்கார்ந்தாலும் எட்டொன்பது நாள் வேலை. நம் தோழர்கள் தங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு புடவைக்கு என்ன கூலி வருகிறது என்று விசாரித்து, அதை 33-ஆல் வகுத்துப் பார்க்கட்டும். அதே ஒரு மணி நேரத்துக்குக் கொத்தனாருக்குக் கை ஆள் நிற்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதட்டும். பிறகு பொழுதுபோக்கைப் பற்றிப் பேசலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை யாரும் போடுவதேயில்லை. ஒரு முதலாளி பட்டறை வைத்தால் இடத்துக்கு வாடகை கொடுக்கவேண்டும், விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும், தண்ணீர் வைக்கவேண்டும். வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டால் இத்தனையும் யார் தலையில் விழுகிறது? அவள் கொடுக்கிற வீட்டு வாடகையிலேயே முதலாளியின் பட்டறை வாடகையும் சேர்ந்திருக்கிறது. விளக்கு அவளுடையது. சரக்கை வாங்கிவரவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் நடக்கிற கால் அவளுடையது. கண் மங்கினால் கண்ணாடிச் செலவும் அவளுடையதுதான். மாதக் கடைசியில் வீட்டுச் செலவு கட்டவில்லையே என்று புருஷன் சத்தம் போடுகிறானே, அந்தச் செலவில் ஒரு பகுதி முதலாளியின் செலவு என்பது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வீட்டிலிருந்து செய்யும் வேலையும் வேலைதான், மற்றத் தொழிலாளிக்கு உள்ளது இவர்களுக்கும் வேண்டும் என்று 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 177-ம் நம்பர் உடன்படிக்கை செய்தது. அதில் இந்திய சர்க்கார் கையெழுத்துப் போடவில்லை.

இது சுங்குடிக்கு மாத்திரம் உள்ள கதையென்று நினைத்துவிடாதீர்கள். மல்லிகைப் பூத் தொடுப்பவளும், அப்பளம் இடுபவளும் இதே வரிசைதான். அவர்களுக்கு மாதச் சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

சரி, அந்தச் "சும்மா இருக்கிற நேரம்" எவ்வளவு என்று பார்ப்போம். மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகாவே 2019-ல் வீடு வீடாக நேரக் கணக்கு எடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென்று நாள் ஒன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆண்களில் அந்த வேலையைத் தொடுகிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். அப்படித் தொட்ட புண்ணியவான்களுக்கும் 97 நிமிஷம்தான். 2024-ல் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாமென்றால், ஆண்பிள்ளைகள் தங்கள் பங்கிலும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்! எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கமாட்டோம் போலிருக்கிறது.

சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மியில் அரைத்த குழம்புக்கு உள்ள ருசி வேறு எதற்கு வரும் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். குழவியைப் பிடித்தவள் ஒருத்தியும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கடையில் இட்லி மாவு வாங்கிவந்தால் உடம்புக்கு ஆகாது என்பார்கள். அப்படிச் சொன்னவரே இராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாக் கடை முன்னால் இலையோடு உட்கார்ந்திருப்பார். அங்கே உடம்பு நினைவுக்கு வருவதில்லை. வீட்டில் அவள் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காரும்போது குழம்பில் மீனிருக்காது, வாசனை மாத்திரம் இருக்கும். இதற்குப் பெயர் பதிவிரதா தர்மம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மாதத்தில் மூன்று நாள் "தீட்டு" என்று சொல்லிப் பெண்ணை அடுப்படிப் பக்கம் வராதே, சாமி படத்தைத் தொடாதே என்று ஒதுக்கிவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மூன்று நாளும் அவள் என்ன செய்கிறாள்? மூலையில் உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறாள். சோற்றுப் பானைக்கு ஒட்டிக்கொள்ளுகிற தீட்டு, கூலி வருகிற துணிக்கு மாத்திரம் ஒட்டுவதில்லை! அந்தத் துணி சாயமேறிப் புடவையாகி, ஒருவேளை மீனாட்சியம்மன் சந்நிதிக்கே போய் நிற்கும். இதில் எந்த முடிச்சு எந்த நாளில் போட்டது என்று அம்மன் விசாரித்ததாக இதுவரை தகவலில்லை. அம்மனுக்கே இல்லாத ஆட்சேபம் மாமியாருக்கும் மாமனாருக்கும் எதற்கு?

வீட்டுச் செலவு விஷயத்துக்கு வருவோம். நிலையான சம்பளமில்லாத வீட்டில் ஒரு மாதம் துணி வரும், ஒரு மாதம் வராது. தீபாவளிக்கு முன் கண்ணைப் பிடுங்கும் வேலை இருக்கும். முகூர்த்தமில்லாத ஆடியில் கை சும்மா இருக்கும். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் இல்லையென்று எழுதியிருப்பதால் இவள் வயிற்றுக்கு நல்ல நாள் இல்லாமற்போகிறது. அப்படிக் கை கடிக்கிற மாதத்தில் எந்தச் செலவை முதலில் வெட்டுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் அவளுக்கு வாங்குகிற பால். அப்புறம் பெண்பிள்ளைக்கு வாங்கவேண்டிய நோட்டுப் புத்தகம். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் வெட்டுவதில்லை, அதாவது செலவிலிருந்து வெட்டுவதில்லை! கழுத்தை வெட்டுவதற்குக் கடன் வாங்கியாவது ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். ஜோசியருக்கு, புரோகிதருக்கு, காதுகுத்துக்கு, எழுதவேண்டிய மொய்க்கு என்று போகிறதே, அதையெல்லாம் "வேறு வழியில்லை" என்ற தலைப்பில் எழுதிவிடுகிறோம். அவள் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த காசுக்கு மாத்திரம் "உப்பு, புளிக்கு ஆச்சு" என்று பெயர். வீட்டுக்கு வந்த காசில் பாதி அவளுடையதாயிருந்தாலும் அது உப்பு, புளிதான்.

இதைப் பற்றி நம்மவர்கள் நேற்றுப் பேசத் தொடங்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டிலேயே, பெண்களுக்குச் சொத்தில் ஆண்களோடு சமபங்கு வேண்டும், எந்தத் தொழிலும் செய்ய உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பைத்தியக்காரத் தீர்மானம் என்று அன்று சிரித்தவர்கள் சிரித்தார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005-ல் ஆயிற்று. 2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், புருஷன் வெளிநாட்டில் உழைத்த பணத்தில் வாங்கிய சொத்திலும் வீட்டைக் கவனித்துவந்த மனைவிக்குச் சரிபாதி உண்டு, அவள் வீட்டு வேலையும் சம்பாத்தியத்தைச் சேர்ந்ததுதான் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது அதற்கு "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள். தொகை பெரிதோ சிறிதோ, உதவி என்றும் தானம் என்றும் சொல்லாமல் உரிமை என்று சொன்னார்களே, அது எனக்குத் திருப்தி. ஆனால் சட்டம் வாசற்படி வரைக்கும்தான் வரும். அடுப்படிக்குள் நாம்தான் போகவேண்டும்.

அடுப்பில் ஒரு வேளையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி கொடுப்பதை முதல் முதலாகத் தொடங்கியது இந்த ஊரில், சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான். பிள்ளைக்கு உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது என்று எல்லாரும் பேசினார்கள். தாய்க்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம் கிடைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த வருஷம் சில ஊர்களில் சமைக்கிறவள் என்ன சாதி என்று கேட்டுப் பிள்ளையைச் சாப்பிடாமல் நிறுத்தினார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் என் பேனா கெட்டுப்போகும்.

ஆகவே நான் சொல்லுவது இதுதான். முடிச்சுப் போடுகிற, பூத் தொடுக்கிற, அப்பளம் இடுகிற ஒவ்வொருத்தியும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கவேண்டும். எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், சரக்கு என்றைக்குக் கொடுத்தேன், காசு என்றைக்கு வந்தது என்று எழுதவேண்டும். எழுதத் தெரியாதவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். ஒருத்தி எழுதினால் வியாபாரி சிரிப்பார். ஒரு தெருவே எழுதினால் அவரும் ஒரு நோட்டுப் போடவேண்டிவரும். 1982-ம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட நல வாரியங்கள் இருக்கின்றன. அதில் பெயர் பதிய யார் வீட்டுத் திண்ணையிலும் காத்திருக்கவேண்டியதில்லை. நம் கிளைத் தோழர்கள் மேடை போட்டுப் பேசுகிற நேரத்தில் கொஞ்சத்தை மிச்சம்பிடித்து இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தால் என்ன? வீட்டுக்குப் போனதும் ஒருவேளை உலை வைத்துப் பார்த்தால்தான் என்ன? நான் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. ஆண்மை ஒன்றும் குழைந்துவிடவில்லை.

இந்த நோட்டு யோசனையை நான் சொல்லி, அதை என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு அம்மாள் இருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில், முடிச்சுப் போட்டு முடித்த துணி மூட்டையோடு வியாபாரி வீட்டுக்குப் போயிருக்கிறார். வியாபாரி மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "விளக்கு வச்சாச்சு தாயி, வெள்ளிக்கிழமை வேற. இந்நேரத்துல காசு வெளிய போனா மகாலட்சுமி போயிருவா. காலையில வந்து வாங்கிக்க" என்றாராம். கடைக்கு வருகிறவர்கள் செல்போனில் அனுப்புகிற பணத்துக்கு வெள்ளிக்கிழமையும் கிடையாது, விளக்கும் கிடையாது. உள்ளே வரும்போது மகாலட்சுமிக்கு எந்த நேரமும் சரி.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "சரிங்கண்ணே. எங்க வீட்லயும் விளக்கு வச்சுட்டுத்தான் வந்தேன். எங்க வீட்டு லட்சுமியும் இந்நேரத்துல வெளிய தங்கக்கூடாதுல்ல" என்று சொல்லி மூட்டையைத் திரும்ப எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கிவிட்டார். விடிந்தால் துணி சாயப்பட்டறைக்குப் போயாகவேண்டும். வியாபாரி படி வரை வந்து கூப்பிட்டார். கல்லாப்பெட்டி திறந்தது. எண்ணி வாங்கி, நோட்டில் தேதியும் நேரமும் எழுதிக்கொண்டு, வருகிற வழியில் தெருமுனை ஆயா கடையில் இருபது இட்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று இராத்திரி அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.