குரங்கின் மேல் ஏன் இந்தப் பழி?

கியாசனூர் காட்டு நோயைக் கன்னடத்தில் 'மங்கன காயிலெ' என்பர். தமிழில் 'குரங்குக் காய்ச்சல்'. இரு பெயர்களும் ஒரே பிழையைச் செய்கின்றன. நோயைக் கடத்தும் உயிரை விட்டுவிட்டு, அந்நோயால் முதலில் மடியும் உயிரின் மேல் பெயரைச் சுமத்துகின்றன.

1957இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தபோது இந்நோய் கண்டறியப்பட்டது. இதனை முதன்மையாகக் கடத்துவது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் உண்ணி. அவ்வுண்ணிக்குக் கண் இல்லை. முன்னங்கால்களில் அமைந்த 'ஹாலர் உறுப்பு' என்னும் மோப்பப் பொறியே அதற்கு வழிகாட்டி. புல் நுனியில் முன்கால்களை உயர்த்திக் காத்திருக்கும் உண்ணிக்கு, மூச்சில் கலந்து வரும் கரியமில வாயுவும் உடல் வெப்பமும் வியர்வை மணமும் போதும். கரியமில வாயுவில் குரங்கு, மாடு, மனிதன் என்ற பேதம் கிடையாது.

உடல்மணம் இனத்துக்கு இனம் மாறும் என்பது உண்மையே. பீகிள் நாயின் மணத்திலுள்ள பென்சால்டிஹைடும் 2-ஹெக்சனோனும் நாய் உண்ணியை விலக்குவதைப் பிரேசில் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆயினும் அது உண்ணியின் தேர்வைத்தான் விளக்குகிறதே ஒழிய, குரங்கைக் குற்றவாளி ஆக்கவில்லை.

இறந்த குரங்கு எச்சரிக்கை ஆயிற்றே, அதன் பெயர் இருந்தால் என்ன என்று கேட்கலாம். எச்சரிக்கைதான். குரங்கின் உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் அதை விட்டு இறங்கி அடுத்த உயிருக்குக் காத்திருக்கின்றன. ஆனால் பறையறைந்து எச்சரிப்பவனையே பகைவன் என்று அழைப்பது எவ்வகை நியாயம்?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மலை மாதேசுவரர் காட்டுப் பக்கம் உள்ள மார்டள்ளி, தமிழ் பேசுவோர் மிகுந்த ஊர். அதே சாமராசநகர் மாவட்டத்தில், பந்திப்பூரில் இறந்த குரங்குகளிடம் 2012இல் இந்நோய் உறுதியாயிற்று. 'குரங்குக் காய்ச்சல்' என்று கேட்கும் மாடு மேய்ப்பவர் குரங்கைக் கண்டால் விலகுவார். மாலையில் தம் கணுக்காலையும் மாட்டின் காதுமடலையும் பார்க்க வேண்டும் என்று அப்பெயர் அவருக்குச் சொல்லாது.

'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயரையோ நாம் ஸ்க்ரப் டைபஸ் நோய்க்குக் கொடுத்துவிட்டோம். அது உண்ணியால் வருவதே அன்று. அதனினும் நுண்ணிய வேறோர் உயிரியின் இளம்பருவத்தால் வருவது. உண்ணியால் வரும் நோய்க்குக் குரங்கின் பெயர், உண்ணியால் வராத நோய்க்கு உண்ணியின் பெயர்! கலைச்சொல் ஆக்குவோர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

'காட்டு உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவோம். படிக்காதவர் காதிலும் விழும் முதல் மருத்துவ அறிவுரை, நோயின் பெயர்தான்.