தாயைக் காட்டுங்கள்

நாய் வளர்ப்போர் நம்மிடையே பலர். அந்த நாயை ஈன்ற தாயைப்பற்றி எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். எண்ணாதவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பாமன்கடையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் அல்சேஷன் குட்டிகள் விற்பனைக்கு உண்டு என்று அறிந்து, மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். முன்விறாந்தையில், பெட்டியொன்றுக்குள் ஐந்து குட்டிகள் கிடந்தன. வயது ஐந்து கிழமை என்றார் வீட்டுக்காரர். “தாய் எங்கே?” என்று கேட்டேன்.

“தாய் ஊரிலை நிக்குது ஐயா. நல்ல சாதிக்குட்டி, யோசியாமல் கொண்டு போங்கோ” என்றார்.

மகள் அதற்குள் ஒன்றை மடியில் ஏந்திவிட்டாள். நானும் யோசியாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் குட்டி பாலை மறுத்தது. வாந்தியும் இரத்தக்கழிச்சலும் கண்டன. மிருக வைத்தியர் ‘பார்வோ’ என்றார். இரண்டு நாளில் அது இறந்தது. 1978இல் உலகெங்கும் பரவிய இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. தாய்க்கு அதை முறையாகப் போட்டிருந்தால், அதன் சீம்பாலே குட்டிக்குச் சில கிழமைகள் காவலாக நின்றிருக்கும்.

மற்றக் குட்டிகளையேனும் காக்கலாமென்று அந்த வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனேன். முன்புறத்தில் ஒருவரையும் காணாமையால் பின்புறம் சென்றேன். அங்கே, எழுந்து நின்றால் முதுகு இடிக்கும் கூடொன்றில், விலா எலும்புகள் தெரிய, முலைகள் தொங்க ஒரு பெண்நாய் படுத்திருந்தது. ஊரில் நிற்பதாகச் சொல்லப்பட்ட தாய் அதுதான். வாலை ஒருமுறை ஆட்டியது, குரைக்கவில்லை.

விற்றவரை மட்டும் குற்றவாளியாக்கி நான் தப்பிக்கொள்ள முடியாது. அந்தக் கூட்டுக்கு வாடகை கொடுத்தவன் நான் அன்றோ?

குட்டி விற்று வாழ்வது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஓருயிரை நம் விருப்பத்தால் உலகுக்கு வரவழைக்கிறோம் என்றால், அதன் பொறுப்பு இணைசேர்க்குமுன்பே தொடங்குகிறது. அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டு நோய் பரம்பரையாக வருவது. பெற்றோரின் இடுப்பை எக்ஸ்ரேயில் பாராமல் இணைப்பது நொண்டிக் குட்டிகளுக்கு வழி திறப்பதாகும். தமிழகத்தின் இராசபாளைய நாய்களில் பால்வெண்மையே அழகென்று தேர்ந்து தேர்ந்து இணைத்ததன் பயன், செவிடாகப் பிறக்கும் குட்டிகள். அழகு நம் கண்ணுக்கு; ஊனம் அதன் உடலுக்கு. இது எந்த நியாயம்?

பெண்நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். பருவந்தோறும் ஈனச் செய்வது அதன் உடலைச் சுரண்டுவதேயாம். இந்தியா 2017இல் நாய் இனப்பெருக்கத்துக்கென விதிகள் வகுத்தது: பதினெட்டு மாதம் நிரம்பாத பெண்நாயை இணைக்கலாகாது; ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் ஆகாது; வாழ்நாளில் ஐந்துக்கு மேல் ஆகாது; எட்டுக் கிழமை நிரம்பாத குட்டியை விற்கலாகாது. விதி ஏட்டில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வேறென்பது உண்மையே. எனினும், எது சரி என்று எழுதி வைப்பது முதற்படி. நம் நாட்டிலோ, 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் கொடுமைக்கு விதித்த அபராதம் நூறு ரூபாய். சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய மிருகநலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தும், அது ஆண்டுக்கணக்காகக் கோப்புகளிலேயே தங்கிற்று.

சட்டம் வரட்டும், அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குவோர் கையிலும் ஓர் அதிகாரம் உண்டு. தாயைக் கண்ணால் கண்டபின் வாங்குவோம். அதன் வயதென்ன, இது எத்தனையாவது ஈற்று, ஊசிச்சீட்டு எங்கே என்று கேட்போம். விலைபோகாத குட்டியைத் திரும்ப ஏற்பீர்களா என்றும் கேட்போம். கால்வாய்க் கரையில் பெட்டியோடு கைவிடப்படும் பெண்குட்டிகள் அக்கேள்வியைக் கேளாத நம்மாலும் அங்கே வந்தவை. நல்ல வளர்ப்பாளர் இவற்றால் சினங்கொள்ளார். அவரே நம்மிடம் பத்துக் கேள்வி கேட்பார்.

தாயைக் காட்ட மறுக்கும் வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்புங்கள். மடியில் ஏந்திய குழந்தை அழும், அழட்டும். என் மகள் அழுத அழுகையைவிட அது எளிது.